வேட்டைக்காட்டில் இடுப்புத் துப்பாக்கி: எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவரின் கேள்வியும் வழக்கறிஞரின் பதிலும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு வயது 34. மதுரைப் பக்கம் பிறந்தவர், மென்பொருள் பொறியாளர், ஏழு ஆண்டுகளாக எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார். நிரந்தரக் குடியிருப்புக்கான கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நிற்கிறது. மனைவி, எச்-1பிக்காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். அலுவலக நண்பர்கள் இருவருடன் இரண்டு ஆண்டுகளாக மான் வேட்டைக்குப் போகிறார். புதிதாக வேட்டைக்கு வருபவர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய பயிற்சி வகுப்பை முடித்து, ஆண்டுதோறும் வேட்டை உரிமம் எடுத்து, சொந்தமாக ஒரு ரைஃபிளும் வைத்திருக்கிறார்.

சென்ற வேட்டைப் பருவத்தில் பாட்டர் கவுண்டி என்ற மாவட்டத்தின் காட்டில் இரண்டு நிகழ்ச்சிகள் அவரை உலுக்கியிருக்கின்றன. ரைஃபிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, வீழ்த்திய மானின் குடலை எடுத்துக்கொண்டிருந்த மாலை வேளையில் ஒரு கருங்கரடி மிக அருகில் வந்து நின்றது. நண்பர்கள் கூச்சலிட்டதும் விலகிப் போனது. மறுநாள், மாநிலத்தின் பொது வேட்டை நிலத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அவரிடம் முன்பின் தெரியாத ஒரு வேட்டைக்காரர் வந்து, உனக்கு இங்கே என்ன வேலை என்ற தொனியில் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்று முதல், ரைஃபிளோடு சேர்த்து இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தால் நல்லது என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. நண்பர் தன்னுடைய பழைய ரிவால்வரைத் தந்துவிடுவதாகச் சொல்கிறார். அடுத்த இலையுதிர் காலத்தில் மொன்டானா மாநிலத்துக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகும் திட்டமும் இருக்கிறது. அங்கே இருப்பது கிரிஸ்லி என்னும் பெரிய, மூர்க்கமான பழுப்புக் கரடி.

வேட்டை உரிமம் இருப்பதால் துப்பாக்கி விஷயத்தில் தனக்கும் குடிமக்களுக்கும் வேறுபாடு இல்லை என்று அவர் நம்புகிறார். உறை வெளியே தெரியும்படி அணிந்தால் வேறு உரிமம் தேவையில்லை என்று நண்பர் சொன்னதையும் குறிப்பிடுகிறார். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி: "என் மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை."

அன்புள்ள வாசகருக்கு,

அந்த இரண்டு நாள்களும் உங்களுக்குள் ஏற்படுத்திய பயம் நியாயமானது. கையில் கத்தியும் ரத்தமுமாகக் குனிந்திருக்கும்போது ஒரு கரடி வந்து நின்றால், இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் முழங்கால் நடுங்கும். ஆகவே பயப்பட வேண்டாம் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் இன்றைய நிலையில் இடம் தருகிறது. ஆனால் அந்த இடம் வரப்பு மாதிரி ஒடுங்கியது. அதிலிருந்து கால் தவறினால் அபராதத்தோடு முடியாது. இந்த நாட்டில் உங்கள் குடும்பம் கட்டி எழுப்பிய வாழ்க்கை முழுவதும் ஆட்டம் காணும்.

உங்கள் நிலை எதன்மேல் நிற்கிறது

நம் ஊரில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வாங்க வேண்டும். எந்தத் துப்பாக்கி என்பது அந்த உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். உரிமம் கையில் இருக்கும்வரை கவலையில்லை என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். பென்சில்வேனியாவில் ரைஃபிளை வீட்டில் வைத்திருக்க அப்படி ஓர் உரிமமே கிடையாது என்பதால், இங்கே எல்லாம் தாராளம் என்று நம்மவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கேள்வியை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. வைத்திருக்கும் ஆள் யார் என்று அது கேட்கிறது. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர்களின் பட்டியலைச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 922(ஜி) பிரிவு தருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகள், போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஆகியோருடன் அதே பட்டியலில், குடியேற்றமல்லாத விசாவில் வந்த வெளிநாட்டவரும் இருக்கிறார். எச்-1பி என்பது அத்தகைய விசாதான். ஆகவே உங்கள் விஷயத்தில் விதி என்பது தடை. உங்களிடம் இருப்பது விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு 922(ஒய்) பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் ஒன்றை வைத்திருப்பவருக்குத் தடை பொருந்தாது என்கிறது அது. உங்கள் ரைஃபிளைக் கடையில் வாங்கியபோது 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு ஆம் என்று எழுதி, வேட்டை உரிமத்தின் நகலைக் கொடுத்திருப்பீர்கள், காரணம் இதுதான். துப்பாக்கியை வேட்டைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையும் அது தடுக்கவில்லை. இந்த அளவில் உங்கள் நம்பிக்கை சரி. குடிமக்களோடு உங்களுக்கு வேறுபாடு இல்லை என்ற முடிவுதான் பிழை. குடிமகனின் வேட்டை உரிமம் காலாவதியானால் அவர் வேட்டைக்குப் போக முடியாது, அவ்வளவுதான். உங்கள் உரிமம் காலாவதியானால், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கியே குற்றப்பொருளாகிவிடும்.

பென்சில்வேனியாவில் வேட்டை உரிமத்தின் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மான் பருவம் முடிந்து, துப்பாக்கியைத் துடைத்து வைத்து, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், செப்டம்பரில் திரும்பி வந்து உரிமத்தைப் புதுப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். நடுவில் ஜூலையும் ஆகஸ்டும் இருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் தடை செய்யப்பட்ட ஒருவர் துப்பாக்கி வைத்திருந்த காலமாகவே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். 2022இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. ஆகவே உங்கள் ரைஃபிளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஜூன் மாதமே அடுத்த ஆண்டு உரிமத்தை வாங்கிவிடுங்கள், ஒரு நாள் இடைவெளியும் விழ வேண்டாம்.

இதைவிட ஆபத்தான இன்னொரு விரிசலும் உண்டு. வேட்டை உரிம விலக்கு, முறையான விசா நிலையில் இருப்பவருக்கு மட்டும்தான். வேலை போய், எச்-1பிக்கு உரிய 60 நாள் அவகாசமும் கடந்து, வேறு நிலைக்கு மாறாமல் தங்கிவிட்டால், நீங்கள் பட்டியலின் இன்னொரு வரிக்குப் போய்விடுவீர்கள். சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருப்பவர் என்ற அந்த வரிக்கு எந்த வேட்டை உரிமமும் உதவாது. மென்பொருள் துறையில் ஆள்குறைப்பு எப்படி ஒரே காலை நேரத்து மின்னஞ்சலில் நடந்து முடிகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரெஹைஃப் என்ற வழக்கு இந்த இடத்தில்தான் பிறந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ரெஹைஃப் மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்கு வந்தார். மதிப்பெண் குறைவால் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அத்தோடு அவருடைய விசா நிலையும் முடிந்தது. பிறகு சுடும் பயிற்சிக் கூடம் ஒன்றுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துச் சுட்டார். அதற்காகவே அவர்மீது வழக்கு வந்து 18 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நல்லதே. ஆனால் அது உங்களைப் போன்றவருக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. தன்னுடைய விசா எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது என்று ஓர் எச்-1பி பொறியாளர் சொன்னால் எந்த நடுவர் குழு நம்பும்?

குடியேற்றச் சட்டத்தின் பக்கம் இன்னும் கடுமையானது. துப்பாக்கியை எந்தச் சட்டத்துக்கும் மாறாக வைத்திருந்ததற்காக அல்லது எடுத்துச் சென்றதற்காகத் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். எத்தனை நாள் தண்டனை என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அந்த விதி பொருந்தும். தடைப்பட்டியலில் உள்ள வெளிநாட்டவர் என்ற வகையில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றால், அது மிகக் கொடிய குற்றங்களின் பிரிவில் சேர்க்கப்பட்டு, பிற நிவாரண வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் இருப்பது இதில் எந்தப் பாதுகாப்பையும் தராது. கார்டு கைக்கு வரும் நாள்வரை நீங்கள் எச்-1பிக்காரர்தான் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

நீங்கள் வேட்டையாடும் இதே பென்சில்வேனியாவில் 1909இல் ஒரு சட்டம் இருந்தது. குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் காட்டு விலங்குகளைக் கொல்லவும் கூடாது, ரைஃபிளோ ஷாட்கன்னோ வைத்திருக்கவும் கூடாது என்றது அது. பாட்ஸோன் என்ற இத்தாலியர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1914இல் தோற்றார். வெளிநாட்டவர் கையில் துப்பாக்கி என்றால் இந்த நாட்டுக்கு ஒரு பழைய தயக்கம் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய விதிவிலக்கின் அருமையும் மெலிவும் உங்களுக்குப் புரியும்.

காட்டுக்குள்ளும் காருக்குள்ளும்

இதுவரை சொன்னது கைத்துப்பாக்கி உங்களிடம் இருக்கலாமா என்பது பற்றி. அதை வேட்டையின்போது அணிந்து செல்லலாமா என்பது மாநிலச் சட்டத்தின் கேள்வி. பென்சில்வேனியாவில் இதற்கு இரண்டு வெவ்வேறு தாள்கள் உண்டு; இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மனிதர்கள் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதலாவது, கவுண்டியின் சட்ட அமலாக்க அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகம் வழங்கும் துப்பாக்கி ஏந்திச் செல்லும் உரிமம். 21 வயது நிரம்பியவருக்கு, பின்னணிச் சோதனைக்குப் பிறகு, ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. கைத்துப்பாக்கியை மறைத்து அணியவும், குண்டு நிரப்பிய நிலையில் காரில் கொண்டுபோகவும், வேட்டையின்போது தற்காப்புக்காக உடன் வைத்திருக்கவும் இது இடம் தருகிறது. இரண்டாவது, ஸ்போர்ட்ஸ்மேன் பெர்மிட் என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் அனுமதிச்சீட்டு. வேட்டை அல்லது மீன்பிடி உரிமம் உள்ள 18 வயது கடந்தவருக்குக் கவுண்டிப் பொருளாளர் அலுவலகத்தில் உடனே கிடைக்கும். இதுவும் ஐந்து ஆண்டுகள் செல்லும். எளிதாகக் கிடைப்பதால் இதுவே போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்தச் சீட்டு, நீங்கள் உண்மையாகவே வேட்டையில் இருக்கும்போதும், வேட்டைக்குப் போய்த் திரும்பும் வழியிலும் மட்டுமே பயன்படும்; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கூடவே இருக்க வேண்டும். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைக் காரில் வைக்க இது அனுமதிக்காது. வில் வேட்டைப் பருவத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் சலுகையும் ஷெரிஃபின் உரிமம் உள்ளவருக்குத்தான், இந்தச் சீட்டு உள்ளவருக்கு இல்லை.

உறை வெளியே தெரிந்தால் போதும் என்று உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பிலடெல்ஃபியா நகரைத் தவிர மற்ற இடங்களில், நடந்து செல்பவர் வெளிப்படையாக அணிவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் நவம்பர் இறுதியில், உறைபனிக் குளிரில், கனத்த கோட்டும் அதன்மேல் சட்டப்படியான செம்மஞ்சள் மேலங்கியும் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவரின் இடுப்பு எப்படி வெளியே தெரியும்? கோட்டின் ஓரம் உறையின்மேல் விழுந்த கணத்தில் அது மறைத்து வைத்த துப்பாக்கி என்ற கேள்வி எழுந்துவிடும். காரில் ஏறி உட்கார்ந்தால் வெளிப்படை என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமமின்றி மறைத்தோ வாகனத்திலோ எடுத்துச் செல்வது இங்கே கடுமையான குற்றம். குடியேற்ற விளைவுகளை மேலே சொல்லிவிட்டேன். ஆகவே அணிவதென்று முடிவெடுத்தால், ஷெரிஃபின் உரிமம் இல்லாமல் அணிய வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் விசா நிலையை மறைக்காமல் ஷெரிஃப் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: அந்த உரிமம் கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான். குண்டு நிரப்பிய ரைஃபிளைக் காரில் வைக்க அது யாருக்கும் இடம் தராது.

தற்காப்புக்கு என்று அணிந்த துப்பாக்கியால் வேட்டையாட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். காயம்பட்டு விழுந்து துடிக்கும் மானைக் கண்டு இரக்கப்பட்டு, கைக்கு எட்டியதை எடுத்துச் சுட்டு அதன் வேதனையை முடிக்கத்தான் மனம் போகும். அந்தப் பருவத்துக்கும் அந்த விலங்குக்கும் அனுமதிக்கப்பட்ட ஆயுதமாக அது இல்லாவிட்டால், அந்த இரக்கமே வேட்டைச் சட்ட மீறலாகும். கையில் இருக்கும் ரைஃபிளாலேயே முடியுங்கள்.

பாட்டர் கவுண்டியின் வடக்கு எல்லை நியூயார்க் மாநிலம். பெட்ரோல் போடவோ, சாப்பிடவோ எல்லை தாண்டிப் போய்வருவது உங்கள் குழுவுக்குச் சாதாரணமாக இருக்கலாம். நியூயார்க் வேறு எந்த மாநிலத்தின் துப்பாக்கி உரிமத்தையும் ஏற்பதில்லை. தன் மாநில உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே அது குற்றமாகப் பார்க்கிறது. ஒரு மாநிலத்தைக் கடந்து செல்லும் பயணிக்குக் கூட்டாட்சிச் சட்டம் 1986 முதல் ஒரு பாதுகாப்பு தருகிறது: குண்டு நீக்கி, எளிதில் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்திருக்க வேண்டும், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். இட்லிக்கடை தேடிப் போவதற்கெல்லாம் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

நண்பரின் ரிவால்வர்

நண்பர் நல்ல மனதோடுதான் தருகிறார். ஆனால் பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை ஒருவர் மற்றொருவருக்கு வீட்டு மேசைமேல் வைத்துக் கொடுத்துவிட முடியாது. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள் நீங்கலாக, மற்ற எவருக்கும் இடையே கைமாறுவதாக இருந்தால், அன்பளிப்பாக இருந்தாலும், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஷெரிஃப் அலுவலகத்திலோ பின்னணிச் சோதனையோடு நடக்க வேண்டும். "இந்த வாரம் மட்டும் வைத்துக்கொள், திங்கள்கிழமை கொடு" என்பதும் ஆகாது. சில விலக்குகள் தவிர, கைத்துப்பாக்கியை இரவல் தருவதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. வேலை போய்விடும் என்ற அறிகுறி தெரிந்தாலோ, நீண்ட காலத்துக்கு ஊருக்குத் திரும்புவதாக இருந்தாலோ, இதே வழியில்தான் அதை விட்டுவிட வேண்டும். கடையில் விற்றுவிடுவதே மிகச் சுத்தமான வழி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த மனிதரைப் பற்றி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கரடியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். சத்தம் போட்ட மனிதரைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கி வேண்டும் என்று தோன்றியதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காட்டில் உங்கள் நிறத்தில் வேறு யாரும் இல்லை என்ற உணர்வு எனக்கும் பழக்கமானது. அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் ஒரு வழக்கறிஞனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அன்று உங்கள் மடியில் ரைஃபிள் இருந்தது. அவரிடமும் இருந்தது. இருவரும் ஆயுதத்தோடு இருந்தும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், நீங்கள் எழுந்து பதிலுக்குக் கத்தாமல் இருந்ததுதான்.

2004 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் சாயர் கவுண்டியில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்தைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர், அடுத்தவர் நிலத்தில் இருந்த மரப் பரண் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர்களின் குழு வந்தது, வாக்குவாதம் நடந்தது, இனத்தைச் சொல்லி வைதார்கள் என்று அவர் பின்னர் சாட்சியம் சொன்னார். சில நிமிடங்களில் ஆறு பேர் இறந்து, இருவர் காயமடைந்து கிடந்தார்கள். அவர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். 2007 ஜனவரியில் அதே மாநிலத்தில் அணில் வேட்டைக்குப் போன இன்னொரு மோங் மனிதர், காட்டில் எதிர்ப்பட்ட வெள்ளை வேட்டைக்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். கொன்றவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கும் இடத்தில் கோபம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். இடுப்பில் இருக்கும் இரண்டாவது துப்பாக்கி அந்த வேகத்தைக் குறைக்காது. அதோடு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்ப இடமில்லாத நேரத்தில் உறையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாலே, மிரட்டல் வழக்கில் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

மறுபடி அப்படி நடந்தால், துப்பாக்கியின் வாயைத் தரையை நோக்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை மன்னிப்பாகவே சொல்லிவிட்டு, அங்கிருந்து நகருங்கள். இடத்தையும் நேரத்தையும் வண்டி எண் தெரிந்தால் அதையும் குறித்து, மாநில வேட்டை ஆணையத்துக்குப் புகார் செய்யுங்கள். முறைப்படி வேட்டையாடும் ஒருவரை வேண்டுமென்றே இடையூறு செய்வது பென்சில்வேனியாவில் சட்டப்படி தவறு. அந்தப் புகாரைக் கொடுக்க விசா நிலை தடையல்ல. வேட்டைக் காவலர் உங்களை நிறுத்திச் சோதித்தால் கைகள் தெரியும்படி நில்லுங்கள், கேட்ட உரிமங்களை எடுத்துக் கொடுங்கள், இடுப்பில் ஏதாவது இருந்தால் கையை அருகே கொண்டுபோகாமல் வாயால் சொல்லுங்கள்.

கரடி விஷயம்

பென்சில்வேனியாவில் காட்டுக் கருங்கரடி ஒரு மனிதரைக் கொன்றதாக வேட்டை ஆணையத்தின் பதிவுகளில் இல்லை. உங்களிடம் வந்த கரடி மானின் வாசனைக்கு வந்தது, கூச்சலுக்குப் போய்விட்டது. குடல் எடுக்கும்போது ரைஃபிளைக் கை எட்டும் தூரத்தில் வைப்பதும், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் சுற்றிலும் பார்த்து நிற்பதும் அந்த மாலைக்குப் போதுமான மருந்து.

மொன்டானாவின் கிரிஸ்லி வேறு வகை. அங்கே உங்கள் கவலை சரியானது. சட்ட வகையிலும் மொன்டானா எளிது: கூட்டாட்சிச் சட்டப்படியும் மாநிலச் சட்டப்படியும் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் அதை மறைத்து அணிய 2021 முதல் அங்கே தனி உரிமம் தேவையில்லை. விமானத்தில் கொண்டுபோவதானால் குண்டு நீக்கி, பூட்டிய கெட்டியான பெட்டியில், சோதித்து ஏற்றும் பையில் வைத்து, கவுண்டரில் அறிவிக்க வேண்டும். வழியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் போனால், 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் அங்கே சுடுவதும் வேட்டையும் தடை. பூங்காவின் அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், கிரிஸ்லிக்குக் கைத்துப்பாக்கியைவிட, கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் காரமுள்ள கரடி ஸ்ப்ரேயை நம்புங்கள் என்றே சொல்வேன். அலாஸ்காவில் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ப்ரே அடித்த நிகழ்வுகளில் பழுப்புக் கரடிகள் நூற்றுக்கு 92 தடவை வேண்டாத நடத்தையை விட்டுவிட்டன. ஸ்ப்ரே வைத்திருந்து கரடியை அருகில் எதிர்கொண்டவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் 2012இல் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் படுவதில் வேறுபாடு காணவில்லை. கைத்துப்பாக்கி பல முறை வேலை செய்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. ஆனால் அதற்கு நல்ல பயிற்சி வேண்டும். நீங்கள் கைத்துப்பாக்கியைத் தொட்டுப் பழகியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாய்ந்து வரும் கரடி தருவது இரண்டு மூன்று வினாடி. அந்த நேரத்தில் மேகம் போல் விரியும் ஸ்ப்ரேக்கு ஓரளவு குறி தவறினாலும் பரவாயில்லை. தோட்டாவுக்கு அப்படியல்ல, அது தவறினால் பின்னால் நிற்கும் நண்பரைத் தேடிப் போகும்.

இதில் சட்டக் காரணமும் ஒன்று உண்டு. அலாஸ்காவைத் தவிர்த்த மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் அழியும் அபாயத்துக்கு உள்ளான விலங்காகப் பாதுகாக்கப்படுகிறது. தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் வந்து ஒவ்வோர் அடியையும் அளந்து விசாரிப்பார்கள். அந்த விசாரணையின் முதல் பக்கத்திலேயே உங்கள் விசாவும், உரிமத் தேதியும், துப்பாக்கி உங்களுக்கு வந்த வழியும் கேள்வியாகும். ஸ்ப்ரே அடித்தால் கரடியும் பிழைக்கும், அந்தப் பக்கமும் திறக்காது. விமானத்தில் ஸ்ப்ரே கொண்டுபோக முடியாது, எந்தப் பையிலும். மொன்டானாவில் இறங்கியதும் கடையில் வாங்கி, முதுகுப் பைக்குள் போடாமல் மார்பிலோ இடுப்பிலோ உறையில் மாட்டுங்கள்.

ஊருக்குப் போகும் பேச்சு வந்ததால் ஒன்று. வேட்டைக்கு அணியும் கோட்டையும் பையையும் இந்தியப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். உள்பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்ட வழக்கில் சிக்கி, தெரியாமல் வந்தது என்று காட்ட நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மனைவி

அவருடைய மறுப்பைப் பயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி பார்த்தாலும் அது வலுவானது. எச்-4 விசாவில் இருக்கும் அவரும் அதே தடைப்பட்டியலில் இருக்கிறார். அவரிடம் வேட்டை உரிமம் இல்லாததால் விதிவிலக்கும் இல்லை. வைத்திருத்தல் என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். விரும்பினால் எடுக்கும் அதிகாரம் இருந்தாலும் வைத்திருந்ததாகவே சட்டம் கருதலாம். ஆகவே இப்போதிருக்கும் ரைஃபிளின் பெட்டிச் சாவியோ எண்ணோ அவரிடம் இருந்தால், அவரை அறியாமலே அவரை நீங்கள் ஆபத்தில் வைத்திருக்கிறீர்கள். இன்றே எண்ணை மாற்றுங்கள். சாவியானால் உங்களோடு மட்டும் இருக்கட்டும். ஆறு வயது மகள் இருக்கும் வீட்டுக்கு அது வேறு வகையிலும் அவசியம். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது, கடைக்கு எடுத்துக் கொடு, வண்டியில் வை என்று அவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அவருக்கும் வேட்டையில் விருப்பம் வந்து, பயிற்சி முடித்துச் சொந்தமாக உரிமம் எடுத்தால் அப்போது நிலைமை வேறு.

பெட்டியின் எண்ணைத் தன்னிடமிருந்து மறைக்கிறார் என்று அவருக்கு வருத்தம் வரலாம். அதனால் நீங்கள் விளக்கப் புறப்படும் முன், இந்தப் பதிலை அவரையே முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். ரிவால்வரைப் பற்றி நண்பருக்குப் பதில் சொல்வதை அதுவரை தள்ளி வையுங்கள்.